பழைய லாரி இன்ஜினில் ஆயில் கசிவு: சீல் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

பழைய லாரி நின்ற இடத்தில் கறுப்பாக ஆயில் திட்டு கிடந்தால் பட்டறையில் முதலில் காதில் விழுவது "பின் சீல் போச்சு, கியர் பாக்ஸ் இறக்கணும்" என்ற தீர்ப்புதான். கியர் பாக்ஸ், கிளட்ச், ஃபிளைவீல் எல்லாவற்றையும் கழற்றிப் புது சீல் போட்டு மறுபடி மாட்டுவது பெரிய செலவு. வண்டியும் அத்தனை நாள் ஓடாது. இவ்வளவுக்குப் பிறகும் சில வாரங்களில் அதே இடத்தில் ஆயில் சொட்டத் தொடங்குவது உண்டு. அப்போது சீல் டூப்ளிகேட் என்று கடைக்காரர் மீது பழி விழும். பல சமயம் சீலுக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. ஆயில் வேறெங்கோ கசிந்து வழிந்து அங்கே வந்து சொட்டியிருக்கும். இல்லையென்றால் இன்ஜினுக்குள் காற்றழுத்தம் ஏறி, எந்த சீலைப் போட்டாலும் ஆயிலை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

உதாரணத்துக்கு டாடா லாரிகளில் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். டாடாவும் கம்மின்ஸும் 1993-இல் தொடங்கிய கூட்டு நிறுவனம் ஜாம்ஷெட்பூரில் தயாரித்த பி சீரிஸ் அது. மெக்கானிக்கல் பம்பும் 12 வால்வும் கொண்ட பழைய வகையைத்தான் சொல்கிறேன். டாடா 697, பழைய லேலண்ட் இன்ஜின்களில் பாகங்கள் இருக்கும் இடம் மாறும். பார்க்கும் முறை மாறாது.

முதலில், சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா? வெள்ளை அட்டையையோ பழைய செய்தித்தாளையோ வண்டிக்கு அடியில் இரவு முழுக்க விரித்து வையுங்கள். டீசல் இன்ஜின் ஆயில் கரி ஏறிக் கறுத்திருக்கும். கியர் ஆயில் பழுப்பாக, கெட்டியாக, மூக்கைத் துளைக்கும் கந்தக வாடையோடு இருக்கும். பவர் ஸ்டியரிங் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. டீசலை வாசனையே காட்டிக்கொடுக்கும். கிளட்ச் இருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டும்போது இந்தச் சோதனை மிகவும் முக்கியம். அந்தக் கூட்டுக்குள் ஒரு பக்கம் இன்ஜினின் பின் சீலும் மறுபக்கம் கியர் பாக்ஸின் முன் சீலும் இருக்கின்றன. எது கசிந்தாலும் வெளியே வருவது ஒரே ஓட்டை வழியாகத்தான்.

அடுத்து டிப் ஸ்டிக். மட்டம் குறைந்திருந்தால் எதிர்பார்த்ததுதான். கூடியிருந்தால் கசிவை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஃபீட் பம்பின் உள் சீல் போய் டீசல் இன்ஜினுக்குள் இறங்கினால் ஆயில் நீர்த்து மட்டம் ஏறும். நீர்த்த ஆயில் சந்து கிடைத்த இடத்திலெல்லாம் கசியும். கிராங்க் பேரிங்கையும் தின்றுவிடும். டிப் ஸ்டிக்கில் டீசல் வாடை அடித்தால் வண்டியை ஓட்டக் கூடாது.

கசிவைத் தேடும் வேலை கழுவுவதிலிருந்து தொடங்குகிறது. பல வருட ஆயிலும் புழுதியும் கலந்து படிந்த அப்பை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்காலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்ததாகச் சொன்னால் அது ஊகம். இன்ஜின் ஆறியதும் டீசலும் பிரஷ்ஷும் கொண்டு சுத்தம் செய்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, காற்றடித்துக் காய வையுங்கள். வாட்டர் சர்வீஸில் கழுவினால் ஆல்டர்னேட்டருக்குள்ளும் ஏர் ஃபில்டர் வாய்க்குள்ளும் தண்ணீர் போகாமல் மூடிக்கொள்ள வேண்டும். காய்ந்ததும் சந்தேகப்படும் மூட்டுகளில் சாதாரண முகப் பவுடரைத் தூவுங்கள். வண்டியைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். ஆயிலோடு கலந்து விட்டு, புற ஊதா டார்ச்சில் பார்த்தால் ஒளிரும் சாய மருந்தும் கடைகளில் கிடைக்கிறது. அது மிகச் சன்னமான கசிவுக்குத்தான் தேவைப்படும்.

பார்க்கும்போது ஒரே விதி: நனைந்த இடங்களில் மிக மேலேயும் மிக முன்னேயும் இருப்பது எதுவோ அதுதான் ஊற்று. ஆயில் கீழே இறங்கும்; ஓடும்போது ஃபேன் காற்றும் எதிர்க்காற்றும் அதைப் பின்னுக்குத் தள்ளும். முன் சீலில் கசிந்தது சம்ப்பின் அடிவயிற்றை முழுக்க நனைத்துவிட்டுக் கடைசியில் பெல் ஹவுசிங்கில் வந்து சொட்டும். இந்த கம்மின்ஸ் இன்ஜினில் டேப்பெட் கவர் ஒரே நீளமாக இல்லாமல் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு தனித்தனிக் கவர்கள். ஆறாவது, அதாவது கேபினுக்கு அடியில் மறைந்திருக்கும் கடைசிக் கவரின் பேக்கிங் இறுகிப்போனால், ஆயில் பிளாக்கின் பின்பக்கச் சுவர் வழியே இறங்கி, பின் சீல் போனதுபோலவே காட்டும். கைவிரலை விட்டு அந்தக் கவரின் அடியில் தடவிப் பார்த்தாலே பாதி கதை முடிந்துவிடும். டீசல் பம்ப் இருக்கும் பக்கம், பம்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு புஷ் ராடு அறையை மூடும் தகட்டுக் கவர் ஒன்றும் உண்டு. அதன் பேக்கிங்கும் வயதான இன்ஜின்களில் அடிக்கடி கசிவது. கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் அதன் குற்றமும் பின் சீல் கணக்கில்தான் போய்ச் சேருகிறது.

இடத்தைக் கண்டுபிடித்தாலும் உடனே கழற்ற வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்கள் வேர்த்திருந்தால் கட்டாயம் அழுத்தத்தைப் பாருங்கள்.

எந்த இன்ஜினிலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கிராங்க் அறைக்குள் இறங்கும். அது வெளியேறத்தான் ப்ரீதர் பைப். ரிங்கும் லைனரும் தேயத் தேய இறங்கும் வாயு கூடும். ப்ரீதர் பைப்பில் ஆயில் சேறு அடைத்தாலோ, ரப்பர் குழாய் மடங்கினாலோ அந்த வாயுவுக்குப் போக வழியில்லை. அப்போது சீல் உதடுகளையும் பேக்கிங்குகளையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும், ஆயிலையும் கூட்டிக்கொண்டு. ஆகவே முதல் வேலை ப்ரீதரைக் கழற்றி டீசலில் கழுவி, குழாயில் ஊதிப் பார்ப்பது. காசு செலவில்லாத வேலை என்பதாலோ என்னவோ, இதைச் செய்ய யாரும் முன்வருவதில்லை.

ப்ரீதர் சுத்தமாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையா? இன்ஜின் சூடேறியதும் ஐடிலிங்கில் விட்டு, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து, திருகாமல் தலைகீழாக அதன் மேல் வையுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். லேசாக அதிர்ந்தால் கவலையில்லை. மூடி குதித்தாலோ, தள்ளிக்கொண்டு விழுந்தாலோ, வாயிலிருந்து விட்டுவிட்டுப் புகை வந்தாலோ உள்ளே அழுத்தம் அதிகம். இன்னும் சரியாகப் பார்க்க வேண்டுமானால் கொத்தனார் லெவல் பார்க்கும் டியூப் போதும். பாதி தண்ணீர் நிரப்பி ‘ப’ வடிவத்தில் வளைத்து நிறுத்தி, ஒரு முனையை டிப் ஸ்டிக் குழாயில் காற்றுப் போகாமல் செருகினால், தண்ணீர் எவ்வளவு தள்ளப்படுகிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

அழுத்தம் அதிகம் என்றதும் "ரிங் போச்சு, இன்ஜின் வேலை" என்று அவசரப்படவும் வேண்டாம். பிரேக்குக்குக் காற்றேற்றும் ஏர் கம்ப்ரஸரும் இன்ஜின் ஆயிலில்தான் ஓடுகிறது. அதன் ரிங் தேய்ந்தால் காற்று ஆயில் திரும்பும் வழியாக கிராங்க் அறைக்குள் வரும். டேங்கில் காற்று நிறைந்து கம்ப்ரஸர் சுமையில்லாமல் ஓடும்போது மூடியின் ஆட்டம் அடங்கினால் கம்ப்ரஸரைச் சந்தேகிக்கலாம். ஏர் டேங்கின் டிரெயினைத் திறந்தால் ஆயில் நிறைய வருகிறதா என்பதும் ஒரு சாட்சி. டர்போவின் சீல் தேய்ந்தாலும் அதே மாதிரி அழுத்தம் சம்ப்புக்குள் இறங்கும். இவை இரண்டும் ஒழுங்காக இருந்து, வண்டி இழுவையும் குறைந்து, நீலப் புகையும் வந்தால் மட்டுமே ரிங், லைனர் பேச்சு. அந்த நிலையில் சீல் மாற்றுவது வீண் செலவு.

கசிவில் இரண்டு ஜாதி உண்டு என்பதையும் மனதில் வையுங்கள். சம்ப் பேக்கிங், டேப்பெட் கவர், சீல்கள் எல்லாம் அழுத்தமில்லாத இடங்கள், மெதுவாகத்தான் கசியும். ஆயில் ஃபில்டர், ஆயில் கூலர், டர்போவுக்குப் போகும் பைப், பிரஷர் சுவிட்ச் ஆகியவற்றில் பம்பின் முழு அழுத்தமும் நிற்கிறது. இங்கே கசிவு இன்ஜின் ஓடும்போது மட்டும் இருக்கும், நிறுத்தினால் நின்றுவிடும். பைப் விட்டுப்போனால் சில நிமிடங்களில் சம்ப் காலியாகும். அந்த ஆயில் சூடான டர்போவின் மேலோ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேலோ பீய்ச்சினால் தீப்பிடிக்கும். எனவே இந்த ஜாதிக் கசிவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அடுத்த லோடு வரை தள்ளிப்போடக் கூடாது. சரிசெய்வதோ சுலபம்: பல நேரம் ஒரு செம்பு வாஷர், ஒரு ரப்பர் வளையம்.

பேக்கிங் மாற்றுவதில் ஆகப்பெரிய எதிரி பலமான கை. சம்ப்பும் தகட்டுக் கவர்களும் மெல்லிய இரும்பு. கசிகிறது என்று போல்ட்டை முறுக்க முறுக்க, ஓட்டையைச் சுற்றித் தகடு குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். கழற்றியதும் விளிம்பைச் சமமான இரும்புப் பலகையில் வைத்துச் சுத்தியலால் தட்டி நேராக்கிய பிறகே புது பேக்கிங். பழைய பேக்கிங் துணுக்குகளைச் சுரண்டி எடுத்து, இரு முகங்களையும் ஆயில் இல்லாமல் துடைக்க வேண்டும். சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி வைப்பது இன்னொரு பழக்கம். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே பிதுங்கியது பிய்ந்து ஆயில் பம்பின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்கிறது. மெல்லிய ஒரே கோடு போதும்.

முன் சீலுக்காகவோ டைமிங் கவர் பேக்கிங்குக்காகவோ முன்பக்கம் திறந்தால், இந்த 12 வால்வு கம்மின்ஸில் ஒன்றைப் பார்க்காமல் மூடக் கூடாது. கியர் ஹவுசிங்கை நிலைநிறுத்தும் சிறிய டவல் பின் ஒன்று, அதிர்வில் மெல்ல நழுவி வெளியே வரக்கூடியது. அது டைமிங் கியர்களுக்குள் விழுந்தால் கவர் உடைவதோடு நிற்காது, இன்ஜினே போகலாம். பின்னைப் பழையபடி தட்டி இறக்கி, மறுபடி வராதபடி சிறு தகட்டால் தடுத்துவிட்டால் தீர்ந்தது.

எல்லாம் பார்த்த பிறகும் பின் சீல்தான் என்று உறுதியானால் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். பழைய சீலை எடுத்ததும் கிராங்க் ஷாஃப்ட்டை நகத்தால் நெருடிப் பாருங்கள். வருடக்கணக்கில் உதடு உரசிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புது சீலும் அங்கே உட்கார்ந்து கசியும். பள்ளத்தை மூடும் மெல்லிய ஸ்லீவ் போடலாம். சீலைக் கொஞ்சம் தள்ளி வேறு தடத்தில் உட்கார வைப்பதும் உண்டு. சாதாரண ரப்பர் சீலென்றால் உதட்டில் ஆயில் தடவி மாட்டுவார்கள். இந்த இன்ஜினின் டெஃப்ளான் சீலை அப்படிச் செய்யக் கூடாது. ஷாஃப்ட்டும் உதடும் துளி ஆயிலின்றி உலர்ந்திருக்க, கூடவே வரும் பிளாஸ்டிக் வளையத்தின் மேல் வழுக்கித் தள்ள வேண்டும். கைப்பழக்கத்தில் ஆயில் தடவி மாட்டிய சீல், எவ்வளவு ஒரிஜினலாக இருந்தாலும் கசியும். கியர் பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் மூன்றையும் பார்த்துவிடுவது இரண்டாவது கூலியை மிச்சப்படுத்தும்.

எல்லாக் கசிவுக்கும் இவ்வளவு தேவையா என்றால், இல்லை. சுமார் 20 முதல் 30 சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. பத்து வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாள் முழுக்கச் சேர்ந்தாலும் அரை லிட்டருக்குள்தான். வினாடிக்கு ஒன்று என்றால் 3, 4 லிட்டர். அது வேறு விஷயம். மூட்டில் வெறுமே வேர்த்து, சொட்டாமல், டிப் ஸ்டிக் மட்டமும் குறையாமல் இருந்தால் துடைத்துவிட்டு ஓட்டலாம். ஆனால் பின் சீல் கசிவு சிறிதானாலும் ஆயில் கிளட்ச் பிளேட்டை நனைத்து, மேடேறும்போது கிளட்ச் வழுக்க ஆரம்பித்தால் காத்திருக்க முடியாது. கசிவை நிறுத்தும் மருந்தென்று பாட்டிலில் விற்பது இறுகிய ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும். பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டையும் கிழிந்த பேக்கிங்கையும் அது ஒன்றும் செய்யாது.

வேலை முடிந்ததும் பழையபடி அட்டையை விரித்து ஓர் இரவு நிறுத்திப் பாருங்கள். கார்க் பேக்கிங் போட்டிருந்தால் இன்ஜின் ஓரிரு முறை சூடாகி ஆறிய பிறகு அது அமுங்கி போல்ட்டுகள் லேசாகத் தளரும். அப்போது ஒரு சுற்று, குறுக்கும் நெடுக்குமாக, மெல்லப் பிடித்துவிட்டால் போதும்.