நெறியும் கணுவும்: பெருங்குடற் புற்றுநோயில் நிணநீர்க்கணு வீக்கம்

புதுச்சேரி உப்பளத்திலும் தமிழகத்தின் பல ஊர்களிலும், காற்புண்ணால் தொடையிடுக்கில் தோன்றும் வீக்கம் 'நெறி கட்டுதல்' எனப்படும். புண் ஆறினால் நெறியும் அடங்கும். நோயெதிர்ப்பால் நிணநீர்க்கணு பருத்தலையே இவ்வழக்குச் சுட்டுகிறது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயைத் தமிழில் விளக்குவோர் 'கணு வீக்கம்' என்பதைக் 'கணுப்பரவல்' என்னும் பொருளில் ஆளின், இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

குடற்கணுக்கள் குடல்தாங்கியினுள் அமைந்தவை; நெறிபோல் விரலுக்குத் தட்டுப்படா. சி.டி. படத்தில் பெரிதாகத் தோன்றும் கணு அழற்சியால் மட்டுமே பருத்திருக்கலாம். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய கணுவில் புற்றணு இருத்தலும் உண்டு. 1932இல் இலண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கத்பர்ட் டியூக்ஸ் வகுத்த படிநிலையில், 'சி' நிலையைத் தீர்மானித்தது கணுவின் பருமன் அன்று. அதனுள் புற்று இருத்தலே. இன்றைய டி.என்.எம். முறையில் புற்றேறிய கணுக்கள் 1 முதல் 3 வரை எனின் என்1. 4 அல்லது அதற்கு மேல் எனின் என்2. எண்ணிக்கை கூடுந்தோறும் பிழைப்பு வாய்ப்புக் குறையும். அறுவையில் நீக்கிய பகுதியில் குறைந்தது 12 கணுக்களேனும் ஆராயப்படவேண்டும் என்பர். புற்றின்றிப் பருத்த கணுக்கள் நல்ல நோய்ப்போக்கோடு தொடர்புறுவதாகவும் சில ஆய்வுகள் காட்டுகின்றன.

கணுவைச் 'சுரப்பி' எனல் பொருந்தாது. அது எதனையும் சுரப்பதில்லை. 'நிணநீர்' என்பதோ குடலுக்கு மிகப் பொருந்தும். நிணம் என்பது கொழுப்பு. உணவுக்குப்பின் குடல் நிணநீர் கொழுப்பேறிப் பால்நிறம் கொள்ளும்.

ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளில் அறிக்கை பெறும் நோயர், 'கணு வீங்கியுள்ளது' என்ற தொடரையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக்கூடும். 'வீங்கிய கணு', 'புற்றேறிய கணு' என இரண்டையும் பிரித்து வழங்குதல் இதனால் இன்றியமையாததாகிறது.