வேலிக் கொடியும் பொன்சிறகு வண்ணத்துப்பூச்சியும்

ஈரவலயத்தில் காட்டை அண்டிக் கமஞ் செய்வோர், காலை வெயில் ஏறும் வேளையில் மர உச்சிகளின் மேல் சிறு பறவை போன்று வட்டமிடும் வண்ணத்துப்பூச்சி ஒன்றைக் கண்டிருப்பர். அதன் முன்சிறகுகள் கரியவை. பின்சிறகுகள் பொன்மஞ்சள் நிறத்தன. விரித்த சிறகுகளின் அகலம் 6 அங்குலத்துக்கும் மேற்படும். இலங்கையிலன்றி வேறெங்கும் இயற்கையாக வாழாத இவ்வினமே இந்நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகும். சிங்கராசக் காட்டிலும் பிற மழைக்காடுகளிலும், அவற்றை அடுத்த தோட்டங்களிலும் இதனைக் காணலாம்.

ஆண்பூச்சி பெரும்பாலும் உயரத்திலேயே மிதந்து திரியும். மலரில் தேனுண்ணும் போதும் இது அமைதியாக அமர்வதில்லை. முன்சிறகுகள் ஓயாது அடித்துக்கொண்டேயிருக்கும். முட்டையிட வேண்டிய பெண்ணோ தாழ இறங்கிப் பற்றைகளிடையே மெல்லப் பறந்து, இலைகளை முன்கால்களால் தட்டிப் பார்க்கும். அக்கால்களே அதற்கு நாவாகும். பெருமருந்து அல்லது ஈசுரமூலி எனப்படும் கொடியின் சுவையை அறிந்த பின்னரே அது முட்டையிடும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியது இக்கொடியையே. காட்டோரத்திலும் வேலியிலும் படரும் இதனைக் களையென்று கருதி வேரோடு பிடுங்குதல் வழக்கம். புழு பெரும்பாலும் இக்கொடியையே உண்டு வளரும். ஆதலால் கொடி அற்ற இடத்தில் பூச்சியும் அருகிப்போம்.

புழு கருஞ்செம்மை நிறமுடையது. உடலெங்கும் தசைமுட்கள் வரிசையாக நிற்கும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கவைபோன்ற உறுப்பை நீட்டி நாற்றம் வீசும். தோற்றத்தால் அஞ்சற்க, அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. தேசிக்கன்றின் இலையைத் தின்னும் பச்சைப் புழு இதன் உறவினமேயாயினும், அது வேறு, இது வேறு. பெருமருந்துப் புழு நெல்லையோ கோவாவையோ கத்தரியையோ தீண்டாது. அதே கொடியில் இதனையொத்த வேறிரு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களும் வளர்வதுண்டு. அவற்றாலும் பயிருக்குக் கேடில்லை.

கொடியிலுள்ள நஞ்சு புழுவின் உடலிற் சேர்ந்து, பறவைகள் அதனைத் தின்னாது காக்கின்றது. மனிதருக்கோ அந்நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுப்பதென்றும் புற்றுநோயை உண்டாக்குவதென்றும் இன்று தெளியப்பட்டுள்ளது. ஆகவே, மருந்தென்று எண்ணி இக்கொடியை வீட்டிற் காய்ச்சிக் குடித்தலாகாது.

மரக்கறிப் பாத்திக்குக் கிருமிநாசினி தெளிப்போர், காற்று வேலிப்பக்கம் வீசும்போது தெளிக்காதிருத்தல் வேண்டும். முதிர்ந்த புழு, தன்னை ஒரு நூலாற் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பார்வைக்கு அது சுருண்டு காய்ந்த இலை போன்றிருக்கும். வேலி திருத்துவோர் கத்தி வைக்குமுன் கொடியையும் அருகிலுள்ள தடிகளையும் உற்று நோக்குதல் நன்று.