நகல் இருந்தது, பிழைத்தது எய்ம்ஸ்

புதுதில்லி: 2022 நவம்பர் 23-ம் தேதி காலை தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. புறநோயாளிகள் பதிவு முதல் ஆய்வக முடிவுகள் வரை எல்லாம் காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பின. விஷமிகள் ஊடுருவியதில் 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டன என்றும், சுமார் 1.3 டெராபைட் தகவல்கள் திறக்க முடியாதபடி பூட்டப்பட்டன என்றும் மத்திய அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

நோயாளிகளின் பதிவேடுகளைக் காப்பாற்றியது, தாக்குதலுக்குத் தப்பிய காப்பு சர்வர் ஒன்றுதான். அதிலிருந்த நகல் புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டது. ஆனாலும் பதிவு, சேர்க்கை போன்ற பணிகள் பெருமளவு சீரடைய இரு வாரங்கள் ஆயின. நகல் இருப்பது வேறு, அது உரிய நேரத்தில் கைகொடுப்பது வேறு.

காப்பு மென்பொருளைத் தேர்வு செய்யும் அலுவலகங்கள் பலவும் இந்த வேறுபாட்டை ஒப்பந்தப்புள்ளி கோரும்போது மறந்துவிடுகின்றன. எவ்வளவு தகவலைச் சேமிக்கலாம், விலை என்ன என்பதோடு கேள்விகள் நின்றுவிடும். ஒரே ஒரு கோப்பு அழிந்தால் அதை மட்டும் மீட்டெடுக்க முடியுமா என்று கேட்போர் குறைவு. சர்வர் முழுவதையும் ஒரே படமாக நகலெடுக்கும் முறை, இயந்திரமே பழுதாகும்போது பயன்படும். ஊழியர் தவறுதலாக அழித்த ஒரு பட்டியலுக்காக முழுப் படத்தையும் திரும்ப ஏற்றுவது வீண் வேலை. அன்றாடம் நேரும் இழப்போ பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

மெயின்பிரேம் கணினிகளில் சிக்கல் இன்னும் கூடுதல். ஐபிஎம் மெயின்பிரேம்கள் எழுத்துகளைக் குறிக்க இபிசிடிக் என்ற குறியீட்டு முறையைக் கையாள்கின்றன. சாதாரண கணினிகள் கையாள்வது ஆஸ்கி வழிவந்த முறைகளை. தவிர, மெயின்பிரேம் கோப்புகள் பலவற்றில் பதிவு ஒவ்வொன்றுக்கும் நீளம் வரையறுக்கப்பட்டிருக்கும். இவற்றை அறியாத மென்பொருள் எடுக்கும் நகல் பார்வைக்கு முழுமையாக இருக்கும். திரும்ப ஏற்றும்போதுதான் குட்டு வெளிப்படும். இரவும் பகலும் பரிவர்த்தனை நடக்கும் இடங்களில், திறந்திருக்கும் கோப்பைப் பாதியில் நகலெடுத்தால் வரவு ஒரு நிலையிலும் இருப்பு வேறு நிலையிலும் பதிவாகும் ஆபத்தும் உண்டு.

நகலை எங்கே வைப்பது என்பதும் விலைப் பட்டியலில் தெரியாத விஷயம். மூல சர்வரும் காப்பு சர்வரும் ஒரே வலையமைப்பில், ஒரே கடவுச்சொல்லில் இயங்கினால் ஊடுருவுபவர் இரண்டையும் சேர்த்தே பூட்டிவிடுவார். பழைய பாணி எனப் பலர் ஒதுக்கும் காந்த நாடா, கழற்றி அலமாரியில் வைத்தபின் எந்த வலையமைப்புக்கும் எட்டாது.

விலையைப் பேசும் முன்பே, விற்பனையாளரைத் தங்கள் சர்வரிலேயே ஒரு கோப்பை அழித்து மீட்டுக் காட்டச் சொல்லலாம். அதற்கு ஒரு பிற்பகல் போதும்.