மாமன் மகள் முறைப்பெண்... பெரியப்பா மகள் தங்கச்சி! - மதுரைப் பக்கத்து உறவுச் சொற்கள் செய்யும் வேலை

மதுரைப் பக்கம் கல்யாண வீட்டில் புதுமுகம் ஒருவர் வந்து உட்கார்ந்தால், பெயரைக் கேட்பதற்கு முன்பே இன்னொரு கேள்வி வந்துவிடும்: "இவுக நமக்கு என்ன முறை வேணும்?" மச்சான் முறை என்றால் உடனே கேலி ஆரம்பம். சித்தப்பா முறை என்றால் குரல் தானாக அடங்கும். ஆள் ஒருவர்தான். எந்தச் சொல் ஒட்டுகிறதோ அதற்கேற்ப எதிரில் இருப்பவரின் மனசு மாறுகிறது.

பெரியப்பா மகள், மாமன் மகள் இருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். மரபணுக் கணக்கில் இருவரும் ஒரே தூரம். சராசரியாக எட்டில் ஒரு பங்கு நம்மோடு பொது. ஆங்கிலத்தில் இருவருமே 'கசின்'. தமிழிலோ ஒருத்தி தங்கச்சி, இன்னொருத்தி முறைப்பெண். பெரியப்பா மகளைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டால் 'ச்சீ' என்று முகம் சுளிக்கும் பையன், மாமன் மகள் பெயரைச் சொன்னால் வெட்கப்படுகிறான். அந்தச் 'ச்சீ'யும் வெட்கமும் ரத்தத்தில் இருந்து வரவில்லை.

மொழி எண்ணத்தை வடிவமைக்கிறதா என்பது மானுடவியலின் தீராத வழக்கு. அதில் தமிழ் உறவுச் சொற்களுக்குத் தனி இடம் உண்டு. 1859-ல் அமெரிக்கர் லூயிஸ் ஹென்றி மார்கன், தென்னிந்தியாவில் ஊழியம் செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்த மிஷனரி ஹென்றி ஸ்கடரிடம் தமிழ் உறவுமுறைகளை விசாரித்தார். நியூயார்க் பகுதியின் செனகா பழங்குடியினரிடம் அவர் கண்டிருந்த அதே ஒழுங்கு! அங்கும் அப்பாவின் சகோதரர் அப்பாவே; அம்மாவின் சகோதரர் மட்டும் வேறு. ஆசியாவுக்கும் அமெரிக்கப் பழங்குடிகளுக்கும் பூர்விகத் தொடர்பு என்று முடிவுகட்டி, 1871-ல் பெரிய புத்தகமே போட்டுவிட்டார். ஆனால், செனகா மக்களிடம் மாமன் மகளைக் கட்டும் வழக்கம் இல்லை. சொல் ஒத்துப்போவதால் மட்டும் வாழ்க்கை ஒத்துப்போய்விடாது.

அந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர் பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன். 1949-50 காலத்தில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி ஆராய்ந்தார். சீர், மொய், முறை எல்லாவற்றையும் விசாரித்து எழுதிய அவர் நூல் 1957-ல் பிரெஞ்சிலும், 1986-ல் ஆங்கிலத்திலும் வந்தது.

அவர் சொன்னது எளிமையானது, கொஞ்சம் அதிர்ச்சியானதும்கூட. மேல்நாட்டார் கண்ணுக்குத் தாய்மாமன் என்றால் அம்மாவின் ரத்த உறவு. தமிழ் அமைப்பில் அவர் முதலில் அப்பாவின் மச்சான் என்றார் துய்மோன். அப்பாவுக்கு மச்சான், மகனுக்கு மாமா. அவர் மகன், இவனுக்கு மறுபடி மச்சான். நிலம், வீடு மாதிரி சம்பந்தமும் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது. பங்காளிகள் ஒரு பக்கம், மாமன் மச்சான்கள் மறுபக்கம். மதுரை டீக்கடையில் நண்பர்கள் "வா பங்காளி", "என்ன மாப்ள" என்று அழைத்துக்கொள்ளும்போதும் அந்த இரண்டு பக்கங்கள்தான் பேசுகின்றன.

இந்த வட்டம் சாதிக்குள்ளேயே சுற்றுகிறது என்பதும் அவர் எழுத்தில் உண்டு. வாய் மரியாதைக்கு 'மாமா' என்பது வேறு, பெண் கொடுத்து 'மாமா' ஆவது வேறு. எந்தச் சாதியானாலும் அரிவாள் வெளியே வருவது அந்த இரண்டாவது இடத்தில்தான்.

இப்போது டாக்டர்கள் முதல் கேள்வியாகவே "சொந்தத்துல கல்யாணமா?" என்கிறார்கள். அப்படியும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். மேட்ரிமோனியில் பார்த்து முடித்த அந்நியச் சம்பந்தத்திலும், தாலி ஏறிய மறுநிமிடம் மாப்பிள்ளையின் அப்பா 'மாமா' ஆகிவிடுகிறார். வழக்கம் தேய்ந்தாலும் சொல் தன் வேலையைப் பார்க்கிறது.

ஒற்றைப் பிள்ளை வீடுகளில் இன்னொரு சிக்கல். காதுகுத்துக்குக் குழந்தை யார் மடியில் உட்காரும்? அம்மாவுக்கு உடன்பிறந்தவர் இல்லை என்றால் அம்மாவின் பெரியப்பா மகன் வந்து உட்காருவார். அவர் 'அண்ணன்', அதனால் குழந்தைக்குத் தாய்மாமன். அதே அளவு நெருக்கமான ரத்தம்தான் அம்மாவின் மாமன் மகனுக்கும். ஆனால், அவரை உட்கார வைக்க மாட்டார்கள். குழந்தைக்கு அவர் சித்தப்பா முறை.