பழைய சவரக் கருவிகளைக் கண்டறிதல்

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்கள் வாடகை வீடு மாறும்போதெல்லாம் சுமையைக் குறைக்க வேண்டியவையாகின்றன. பெட்டியின் அடியில் பல்லாண்டு கிடந்தவை அப்பொழுது கபாடிக்காரரின் தராசில் ஏறுகின்றன. அவ்வாறு எடைக்குப் போகும் பொருள்களுள் ஒன்று, நம் தந்தையரும் பாட்டன்மாரும் நாள்தோறும் கையாண்ட சவரக் கருவி. மக்கள் வழக்கில் ‘ஷேவிங் செட்’ எனப்படும் அந்தச் சிறு கருவி, ஐம்பது அறுபது ஆண்டுகள் உழைத்த பின்னரும் மேலும் அத்தனை ஆண்டு உழைக்கக்கூடியதாக இருக்கலாம். ஆயினும் அதனைப் பழம் பித்தளை என்று கருதி நாம் கைவிடுகிறோம். வேறொருவர் அதையே பழம்பொருள் சந்தையில் நல்ல விலை கொடுத்து வாங்கிச் செல்கிறார். கையில் இருப்பது யாது, எங்கே செய்யப்பெற்றது, எக்காலத்தது, பயன்படுமா படாதா என்பவற்றை அறிந்து கொள்ளும் முறையை இங்கே காண்போம்.

முதலில் இக்கருவியின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். மடக்குக் கத்தியால் தாமே சவரம் செய்து கொள்வது எளிதன்று. கை நடுங்கினால் காயம். எனவே கத்தியின் விளிம்புக்குக் காவலாக ஒரு சீப்பு போன்ற தடுப்பை அமைக்கும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. அமெரிக்காவில் காம்பே சகோதரர்கள் 1880ஆம் ஆண்டில் ‘ஸ்டார்’ என்னும் பெயரில் அத்தகைய கருவியைச் செய்தனர். ஆனால் அதன் அலகு தடித்தது. அடிக்கடி தீட்ட வேண்டியது. மழுங்கியதும் எறிந்துவிடத்தக்க மெல்லிய அலகு ஒன்றைச் செய்தால் என்ன என்ற கருத்து, கிங் காம்ப் ஜில்லட் என்பவருக்கு 1895ஆம் ஆண்டில் உதித்தது. மெல்லிய எஃகுத் தகட்டை வளையாமல் கடினப்படுத்துவது இயலாது என்று பலர் கூறினர். வில்லியம் நிக்கர்ஸன் என்னும் பொறியியலார் அதற்கு வழி கண்டார். 1901இல் நிறுவனம் தொடங்கியது. 1903ஆம் ஆண்டு முழுவதிலும் விற்றவை 51 கருவிகளும் 168 அலகுகளுமே. மறு ஆண்டிலோ தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட கருவிகள் விற்றன. காப்புரிமை 1904 நவம்பர் 15இல் கிடைத்தது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு தன் படைவீரருக்கென ஏறத்தாழ 35 இலட்சம் கருவிகளை வாங்கியது. போர் முடிந்து வீடு திரும்பிய வீரர்களோடு அப்பழக்கமும் ஊர்தோறும் சென்றது.

நம் நாட்டில் பழங்கடைகளில் கிடைப்பவற்றுள் இங்கிலாந்தில் செய்யப்பெற்றவை மிகுதி. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து வாணிகத் தொடர்பே இதற்குக் காரணம். மும்பையின் சோர் பஜாரைச் சேர்ந்த மட்டன் தெரு, ஐதராபாத்தின் வியாழக்கிழமைச் சந்தையாகிய ஜுமேராத் பஜார், பெங்களூரின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, பழைய தில்லியில் ஞாயிறன்று நடைபாதையில் விரிக்கப்படும் கடைகள் ஆகிய இடங்களில் பூட்டு, கைக்கடிகாரம், பேனா ஆகியவற்றின் குவியலுக்கிடையே இவற்றைத் தேட வேண்டும். கடைக்காரர் பலர் இதனைத் தனிப்பொருளாகக் கருதுவதில்லை. ‘புரானா ரேஸர்’ என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவர்.

கிடைக்கும் கருவிகளை அமைப்பால் நான்கு வகைப்படுத்தலாம். முதலாவது, மூன்று உறுப்புக் கருவி. மேல்மூடி, அடித்தகடு, கைப்பிடி என மூன்றும் தனித்தனியே கழலும். அடித்தகட்டின் விளிம்பு சீப்பின் பற்களைப் போலப் பிளவுபட்டிருந்தால் பெரும்பாலும் அது பழைய அமைப்பு. பிளவின்றி ஒரே விளிம்பாக, மேடு பள்ளக் கோடுகளுடன் இருந்தால் 1938இல் வெளிவந்த ‘டெக்’ என்னும் மாதிரியையோ அதன் வழி வந்தவற்றையோ சேர்ந்ததாக இருக்கலாம். எனினும் பற்கள் உள்ள கருவிகளை வேறு சில நிறுவனங்கள் பிற்காலத்திலும் செய்து வருகின்றன. ஆகவே பற்களை மட்டும் கொண்டு வயதை முடிவு செய்தலாகாது.

இரண்டாவது, கைப்பிடியின் அடிக் குமிழைத் திருகினால் தலைப்பகுதி இரு கதவுகளாகத் திறக்கும் கருவி. உறுப்புகள் கழலுவதில்லை. 1930களில் ‘அரிஸ்டோகிராட்’ என்ற பெயரிலும், 1947 முதல் ‘சூப்பர் ஸ்பீட்’ என்ற பெயரிலும் ஜில்லட் நிறுவனம் இவ்வகையை விற்றது. மூன்றாவது, அலகு வெளியே நீட்டும் அளவை மாற்றிக் கொள்ளத்தக்க கருவி; கழுத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள் பொறித்த வளையம் இருக்கும். ஜில்லட்டின் இவ்வகை 1958இல் விற்பனைக்கு வந்தது.

நான்காவது வகையில் தனிப்போக்குடையவை அடங்கும். அவற்றுள் நம் நாட்டுச் சந்தைகளில் காணக்கூடியது இங்கிலாந்தின் ‘ரோல்ஸ் ரேஸர்’. கண்ணாடிக் கூட்டைப் போன்ற நீண்ட உலோகப் பெட்டி. ஒரு மூடியில் சாணைக்கல், மறு மூடியில் தோல்வார். தடித்த ஒற்றை அலகைப் பெட்டிக்குள்ளேயே முன்னும் பின்னும் தள்ளித் தீட்டலாம். இது 1920கள் முதல் 1950கள் வரை விற்பனையில் இருந்தது. தோல்வாரைத் தலைவழியே நுழைத்து அலகைத் தீட்டும் ‘வாலட் ஆட்டோஸ்டிராப்’ மற்றொன்று. இவ்விரண்டுக்கும் கடையில் விற்கும் சாதாரண பிளேடு பொருந்தாது. வாங்குவோர் இதனை மறத்தலாகாது.

இனி, அடையாளக் குறிகள். அடித்தகட்டின் கீழ்ப்புறம், கைப்பிடியின் கழுத்து, மேல்மூடியின் உட்புறம் ஆகிய இடங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். செய்த நாட்டின் பெயரும் காப்புரிமை எண்ணும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். காப்புரிமை எண்ணைக் கொண்டு ஒன்றை மட்டுமே உறுதியாகக் கூறலாம்: அந்த எண் வழங்கப்பட்ட ஆண்டுக்கு முன்னர் அக்கருவி செய்யப்பட்டிருக்க இயலாது. பின்னர் எத்தனை ஆண்டு கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம். 1904ஆம் ஆண்டின் எண்ணைக் காட்டி, ‘நூறாண்டுப் பொருள்’ என்று விலை கூறும் கடைக்காரரிடம் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க.

அமெரிக்காவில் செய்யப்பெற்ற ஜில்லட் கருவிகளில் 1950ஆம் ஆண்டின் இறுதி முதல் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த குறி உண்டு. எழுத்து ஆண்டையும், எண் அவ்வாண்டின் காற்பகுதியையும் உணர்த்தும். ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்து 1955ஆம் ஆண்டுக்குரியது. அடுத்தடுத்த எழுத்து அடுத்தடுத்த ஆண்டு. எனவே ஐந்தாம் எழுத்துடன் இரண்டு என்னும் எண் காணப்பட்டால், அது 1959 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் உருவானது. இங்கிலாந்தில் செய்யப்பெற்றவற்றின் மீது இக்கணக்கை அப்படியே ஏற்றிப் பார்த்தல் கூடாது.

உலோகத்தை அறிவதும் இன்றியமையாதது. நல்ல பழங்கருவிகளில் பெரும்பாலானவை பித்தளையால் ஆகி, நிக்கல் முலாம் பூசப்பெற்றவை. சிலவற்றில் பொன்முலாம் உண்டு. அஃது மிக மெல்லிய பூச்சேயாதலின் பொன்னுக்குரிய விலை அதற்கில்லை. முலாம் தேய்ந்த இடத்தில் மஞ்சள் நிறம் தெரிந்தால் பித்தளை. சாம்பல் நிறமாகச் சொத்தை விழுந்து, பூச்சு கொப்புளித்திருந்தால் துத்தநாகக் கலவையாக இருக்கக்கூடும், அது உள்ளிருந்து அரித்துக் கொண்டே வரும், சீர்ப்படுத்த இயலாது. காந்தம் இவ்விரண்டையுமே ஈர்ப்பதில்லை. ஆகவே காந்தம் ஒட்டவில்லை என்பதைக் கொண்டு பித்தளை என்று துணிதல் தவறு.

வாங்குமுன் பார்க்க வேண்டிய பழுதுகள் சில. சீப்புப் பற்களுள் ஒன்றேனும் வளைந்தோ முறிந்தோ இருத்தல் ஆகாது. கைப்பிடி உட்குழலாக இருப்பின் நெடுக்கில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். திருகு மரை தேய்ந்திருந்தால் மூடி இறுகாது. கதவு வகையில் இரு கதவுகளும் ஒரே நேரத்தில், ஒரே அளவாக மூட வேண்டும். எண் வளையம் தடையின்றிச் சுழல வேண்டும். கறையும் களிம்பும் பழுதுகள் அல்ல, அவை நீங்கக்கூடியவை.

குவியலுக்குள் கைவிடும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கருவிக்குள்ளும் பெட்டியின் மடிப்புக்குள்ளும் பழைய அலகு கிடக்கலாம். அதனை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தலாகாது. ஒரு தகர டப்பாவில் இட்டு மூடி அப்புறப்படுத்துக. வெறுங்குப்பையில் எறிந்தால் குப்பை அள்ளுபவர் கை அறுபடும்.

தூய்மை செய்யும்போது நம் வீட்டுப் பழக்கம் ஒன்று தீங்கு செய்யும். பித்தளை என்றதும் புளியும் சாம்பலும் கொண்டு தேய்ப்பது நம் வழக்கம். குத்துவிளக்குக்கு அது ஏற்றது. முலாம் பூசிய கருவிக்கு அதுவே கேடு. வெதுவெதுப்பான நீரில் சோப்பைக் கரைத்துச் சிறிது நேரம் ஊற வைத்து, பழைய பல் துலக்கியால் மெல்லத் தேய்த்தலே போதும். உலோகப் பகுதிகளை அதன்பின் மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் சற்று நேரம் மூழ்க வைத்து உலர்த்துக. பேக்கலைட் முதலிய பொருளால் ஆன கைப்பிடியை நீரில் ஊற வைக்கவோ கொதிக்க வைக்கவோ கூடாது. தூய்மை செய்த கருவியையும் ஒருவரே பயன்படுத்த வேண்டும். இரத்தத்தின் வழிப் பரவும் நோய்கள் உண்டு என்பதை மறத்தலாகாது.

இவ்வளவு செய்த பின் புதிய அலகைப் பொருத்துவோம். இருபுறக் கூருடைய பிளேடுகள் இன்றும் சிறு கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் நடுவிலுள்ள துளை, பழைய முத்துளை அமைப்புக்கும் பின்வந்த நீள்பிளவு அமைப்புக்கும் ஒருங்கே பொருந்துமாறு வெட்டப்பட்டுள்ளது. ஆதலின் எழுபது எண்பது ஆண்டுக் கருவியும் இன்று காலை வாங்கிய பிளேடை ஏற்றுக் கொள்கிறது. முகத்தில் அழுத்தாமல், கருவியின் எடையே இழுக்குமாறு விடுதல் வேண்டும். எறியப்படுவது ஒரு மெல்லிய எஃகுத் தகடும் ஒரு துண்டுக் காகிதமுமே. கைப்பிடியோடு சேர்த்து எறியப்படும் பிளாஸ்டிக் கருவிகளை நோக்க, செலவும் குப்பையும் குறைவு.

அரிய பொருள் என்று கூறி மிகுந்த விலை கேட்போரிடம் தயக்கமின்றி மறுத்து விடலாம். ‘டெக்’ போன்றவை பெருந்தொகையாகச் செய்யப்பட்டவை. ஒன்று தவறினால் மற்றொன்று கிடைக்கும். தம் வீட்டுப் பெட்டியில் கிடப்பது மட்டும் அவ்வாறு மற்றொன்று கிடைக்கத்தக்கதன்று. அதனை எடைக்குப் போடுமுன் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டறியுங்கள். யார் வைத்திருந்தது, எந்த ஊரில் வாங்கியது, எத்தனை ஆண்டு பயன்பட்டது என்பவற்றை ஒரு சிறு தாளில் தமிழில் எழுதி அப்பெட்டியிலேயே வையுங்கள். பாட்டனாரை நேரில் கண்டிராத, வடபுலத்தில் வளரும் பேரக் குழந்தை, அக்கருவியை ஒரு நாள் கையில் எடுக்கும்போது அதனுடன் அவருடைய பெயரும் ஊரும் கிடைக்கும்.