உப்புக் காற்றில் ஓர் அடுப்படி

சமையலறையைப் புதுப்பிப்பது பற்றிப் பத்திரிகைகளில் எத்தனையோ வருகிறது. டைல்ஸ் கலர், அலமாரி, சிம்னி என்று படிக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் குடியிருக்கும் எங்களுக்கு அதில் பாதி ஒத்துவராது. வடக்கே பாக் ஜலசந்தி, தெற்கே மன்னார் வளைகுடா. கேஸ் அடுப்பின் காலில் ஆரம்பித்து ஜன்னல் கொக்கி வரை உப்புக் காற்று தின்றுவிடும். தை மாதம் ஆரம்பித்த எங்கள் அடுப்படி வேலை இந்த ஆனியிலும் முடியவில்லை. முடிந்த வரைக்கும் எழுதுகிறேன், கடற்கரையோரத் தோழிகள் யாருக்காவது உதவும்.

போன ஐப்பசி மழையில், ஒரு ராத்திரி அடுப்படிக் கூரையிலிருந்து இரண்டு கை அகலத்துக்கு கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடம் என் மாமியார் தினமும் மணை போட்டு உட்கார்ந்து காய் நறுக்கும் இடம். எண்பதை நெருங்கும் வயசு அவருக்கு. பகலில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

மேலே பார்த்தால் கம்பி தெரிந்தது. கம்பியா அது? குச்சி மாதிரி மெலிந்து, தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. அந்தக் கூரை 1993-ல் போட்டது. கடல் மணலைக் கலந்து போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வந்த எஞ்சினியர் சொன்னார். மணலில் இருக்கும் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்குமாம். துரு ஏற ஏறக் கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடுமாம். ஒரு சின்னச் சுத்தியலால் கூரை முழுக்கத் தட்டிப் பார்த்தார். நல்ல இடத்தில் 'டங்' என்றும், கெட்ட இடத்தில் 'டொக்' என்றும் சத்தம் வந்தது. அடுப்படியில் முக்கால்வாசி 'டொக்'தான். ஹாலில் அவ்வளவு மோசமில்லை.

இதற்கு முன்னால் வந்த ஒரு கான்டிராக்டர், "மேல சிமென்ட் பூசி பெயின்ட் அடிச்சிருவோம்கா, ஒண்ணும் தெரியாது" என்றார். தெரியாது என்பதுதானே பயம்! கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, மெலிந்ததற்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, அதன் பிறகுதான் பூச வேண்டும் என்றார் எஞ்சினியர். ஹாலுக்கு அப்படிச் செய்தோம். அடுப்படிக் கூரையை முழுசாக எடுத்துவிட்டுப் புதிதாகப் போட முடிவானது.

அங்கேதான் தகராறு ஆரம்பம். "கூரையோட சேத்து அந்தப் பழைய சொவத்தையும் இடிச்சிட்டு செங்கல்லுல எடுத்துருவோம்" என்றார் என் கணவர். மாமியார் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். "டேய், சொவத்துல மட்டும் கை வைக்காத. கூரைய என்னமும் பண்ணு."

அது முருகைக்கல் சுவர். கடலிலிருந்து பவளப் பாறையை வெட்டி எடுத்துக் கட்டியது. அந்தக் காலத்தில் எங்கள் கரை முழுக்க அதுதான் கல், அதைச் சுட்டால் சுண்ணாம்பு. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதே, அந்தப் புயலில் எங்கள் வீட்டு ஓலைக் கூரை பறந்துவிட்டது. கல்யாணமாகி வந்த முதல் வருஷம், விடியும் வரை இந்தச் சுவரை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தேன் என்பார் மாமியார். அதை இடி என்று யார் சொல்வது?

பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். மன்னார் வளைகுடா 1986-லேயே கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆகிவிட்டது. 2001-லிருந்து பவளப் பாறையை எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். எடுத்தால் யானையைக் கொன்றவர்களோடு ஒரே அட்டவணையில் நிற்க வேண்டியதுதான். இடித்தால் அந்தக் கல் திரும்ப வராது. கடைசியில், சுவரில் பாரம் இறங்காமல் நாலு மூலையிலும் தூண் எழுப்பி அதன் மேல் கூரை போட்டோம். செலவு கூடியது. என் ஐந்து பவுன் சங்கிலி இப்போது பாங்கியில் இருக்கிறது.

கூரை போடும்போது நான் நகரவே இல்லை. கம்பிக்கு அடியில் எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதில்தான் கூரையின் ஆயுசே இருக்கிறதாம். கடலோரத்தில் அது 45 மில்லிமீட்டர் வேண்டும் என்று இந்தியத் தரநிலையில் இருக்கிறது. அதற்காகக் கம்பிக்கு அடியில் சின்னச் சின்ன சிமென்ட் கட்டைகள் வைப்பார்கள், 'கவர் பிளாக்' என்று பெயர். கொத்தனார் அவசரத்தில் ஜல்லிக் கல்லைச் சொருகப் பார்த்தார். ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். "அக்கா எஞ்சினியருக்குப் படிச்சிருக்கீகளோ?" என்று சிரித்தார். சிரிக்கட்டும்! மணல் எம்-சாண்ட். தண்ணீரும் விலைக்கு வாங்கியதுதான், எங்கள் போர்த் தண்ணீர் உப்பு என்பதால் கலவைக்கு ஆகாது. போட்ட பிறகு பதினாலு நாள் பாத்தி கட்டி நல்ல தண்ணீர் தேக்கினோம். லாரித் தண்ணீரைக் கூரையில் ஊற்றும்போது மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்தது.

சுவருக்கு சிமென்ட் பூசவில்லை. முருகைக்கல்லில் உப்பும் ஈரமும் இருக்கும். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல், உப்புப் பூத்துப் பூச்சு பாளம் பாளமாக விழும். பழைய பூச்சு அப்படித்தான் விழுந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊற வைத்த தண்ணீர் விட்டுக் கலந்து பூசினார் ஒரு வயசான கொத்தனார். பக்குவம் பார்த்தது மாமியார். "இன்னும் கொஞ்சம் இழையணும்ப்பா" என்று அவர் அதிகாரம் பண்ண, "சரி ஆத்தா" என்று அவர் கேட்க, ஒரு வாரம் எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது.

இனி உள்ளே. ரெடிமேடாக அலமாரி செய்து மாட்டும் கடைக்காரர் 2,60,000 ரூபாய் சொன்னார். எல்லாம் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. இந்தக் காற்றுக்கு ஊறி உப்பிவிடும், வேண்டாம் என்றுவிட்டேன். தட்டுகள் எல்லாம் கடப்பா கல், கதவு அலுமினியம். சிங்க், கீல், திருகாணி எதுவானாலும் கடைக்காரரிடம் '304' என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். '202' என்று ஒன்று மலிவாகக் கிடைக்கும். பார்க்க இரண்டும் ஒரே பளபளப்பு. ஆனால் கடற்கரையில் சீக்கிரமே புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். "காந்தம் ஒட்டல பாருங்க, நல்ல எவர்சில்வர்" என்பார்கள். 202-லும் காந்தம் ஒட்டாது!

மேடை உயரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது. முழங்கையை மடக்கி நின்று, முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே அளந்தேன். எனக்கு 31 அங்குலம் வந்தது. மாமியாருக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியவில்லை. அதனால் ஜன்னலோரம் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு திண்ணை, எதிரே அரிவாள்மணை வைக்க ஒரு கல். மீன் கழுவப் பின்வாசலில் தனிக் கல்லும் குழாயும். வீட்டுக்குள் மீன் கழுவும் சிங்க் போடச் சொல்கிறவர்கள் ஒருநாள் எங்கள் வீட்டு நகரையையும் ஊளியையும் சுத்தம் செய்து பார்க்கட்டும். கச்சான் காற்று நேரே அடுப்பில் அடித்து அணைக்கும் என்பதால் தெற்குப் பக்கத்து ஜன்னலை நகர்த்திவிட்டோம். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தங்கும். அதனால் தரையை ஒட்டி ஒரு சின்ன ஜாலியும் வைத்திருக்கிறோம்.

சாப்பிடும் இடத்தைப் பற்றிச் சொல்லவில்லையே. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆண்களும் பிள்ளைகளும் ஹாலில் சாப்பிட, நானும் மாமியாரும் கடைசியில் அடுப்படி நிலைப்படியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவோம். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. இடம் அப்படி, பழக்கம் அப்படி. இந்த வேலையில் நான் பிடிவாதமாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த சாமான் அறையின் தடுப்பை எடுத்துவிட்டு, ஐந்து பேர் உட்காரும் மேஜை. "அதுக்கு எதுக்கு இப்ப காசு?" என்றார் இவர். காசு கேட்கவில்லை நான். பழைய ஓலைக் கூரையைத் தாங்கிய பனங்கைகள் பின்கொட்டகையில் கிடந்தன, வைரம் பாய்ந்தவை. ஆசாரி, "உளி மழுங்கிப் போகும்மா" என்று முனகிக்கொண்டே மேஜையும் இரண்டு பெஞ்சும் செய்து கொடுத்தார்.

முதல் நாள் மாமியார் பெஞ்சில் உட்காரவே இல்லை. "நீங்க சாப்பிடுங்க, நான் பெறகு..." என்று நின்றார். என் மகள்தான், "அப்பத்தா, நீங்க உக்காந்தாத்தான் நான் சாப்பிடுவேன்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இப்போது எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்து, "குழம்பு எங்கத்தா?" என்று குரல் கொடுப்பது அவர்தான்.

இதுவரை 3,15,000 ஆகியிருக்கிறது, கூரையும் சேர்த்து. சிங்க் வந்துவிட்டது, பொருத்த ஆள் வரவில்லை. தரைக்கு ரெட் ஆக்சைடா, டைல்ஸா என்பது வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுண்ணாம்புச் சுவரில் தாளிக்கும்போது எண்ணெய் தெறித்துக் கறை படிகிறது. டைல்ஸ் ஒட்டினால் சுவர் மூச்சு விட முடியாது. சுண்ணாம்புச் சுவர் உள்ள தோழிகள் இதற்கு என்ன செய்கிறீர்கள்? எழுதுங்கள்.

- ஒரு வாசகி, மண்டபம்.