'டேப்' என்றால் வெட்டுவதா?

'டேப்' என்னும் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி இன்று பேசுவோம். டி, ஏ, பி என மூன்றே எழுத்துகள். கடைசியில் ஓர் 'இ' சேர்ந்தால் அது ஒட்டும் நாடா, ஒலியும் மாறிவிடும்.

தோட்டப் பள்ளிகளில் 'என் தாய்' என்று ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னால், "மை மதர் கட்ஸ் ட்ரீஸ்" என்று எழுதிய பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். வீட்டில் "அம்மா மரம் வெட்டப் போயிருக்காங்க" என்கிறோம். பிள்ளை அதை அப்படியே ஆங்கிலமாக்கி விடுகிறது. படிக்கும் ஆங்கிலேயருக்கோ, அந்த அம்மாள் கோடரி எடுத்துக் காட்டை அழிப்பதாகத்தான் தோன்றும். மரம் சாகாமல் பாலெடுப்பதல்லவா அவருடைய திறமை? ஒரு சொல் பிசகினால் அது தலைகீழாகி விடுகிறது. "மை மதர் டேப்ஸ் ரப்பர்" என்பதே சரி.

இச்சொல் எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் 'டேப்பா' என்பது மதுப் பீப்பாயின் துளையை அடைக்கும் முளை. முளையைப் பிடுங்கினால் மது வரும், செருகினால் நிற்கும். அம்முளையின் பெயரே பீப்பாயைத் திறந்து வடித்தலைக் குறிக்கும் வினையாயிற்று. மது வடித்துக் கொடுப்பவர் 'டேப்ஸ்டர்'. முதலில் அது பெண்களைக் குறித்த சொல் என்றால் நேயர்கள் வியப்படையலாம். தண்ணீர்க் குழாயை ஆங்கிலேயர் 'டேப்' என்பதும் இவ்வழியில் வந்ததே. பின்னர் மரத்தையும் ஒரு பீப்பாய்போலக் கருதினார்கள். வட அமெரிக்காவில் மேப்பிள் மரத்தில் துளையிட்டுச் சாறெடுப்பதற்கு வழங்கிய அதே சொல் ரப்பர் மரத்துக்கும் வந்தது.

ரப்பர் நம் பேராக்கிற்கு வந்த வரலாறு பலரும் அறிந்தது. 1877-இல் சிங்கப்பூர் வந்த 22 கன்றுகளில் 9 கோலக்கங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. ஆனால் மரம் வந்ததே தவிர, நல்ல 'டேப்பிங்' முறை வரவில்லை. பிரேசிலில் சிறு கோடரியால் கொத்தியே பாலெடுத்தனர். 1888 முதல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ஹென்றி ரிட்லிதான், பட்டையில் சாய்வாகக் கோடிட்டு, அக்கோட்டையே மறுபடி மறுபடி மெல்லச் சீவித் திறக்கும் முறையை ஆராய்ந்து வகுத்தார்.

பால் ஓடும் குழல்கள் பட்டையில் இருக்கின்றன. அதற்கு உள்ளே இருக்கும் வளர்படலத்தில் கத்தி பட்டால் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. ஆகவே தாள்போன்ற ஒரு சீவல்தான் எடுக்கவேண்டும். விடியுமுன் குழல்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக இறங்கும். பிறகு வெட்டிலேயே உறைந்து, தானே நின்றுவிடும். அடுத்த முறை வருபவர் கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்த பிறகே கத்தி வைப்பார். அந்த ஒட்டுப்பால்தான் பீப்பாயின் முளை! பழைய பொருள் இவ்வளவு பொருத்தமாக வந்தமைவது அரிது.

மலாய்க்காரர் இதனை 'மெனோரே' என்பர். கீறுதல் என்று பொருள். நாம் 'வெட்டு' என்கிறோம். இரு மொழிகளும் கத்தியைப் பார்த்துப் பெயரிட்டன. ஆங்கிலம் ஒழுகும் பாலைப் பார்த்துப் பெயரிட்டது. நாமோ தென்னையில் கள் இறக்குகிறோம், குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம். இவற்றுள் கள்ளுக்கும் 'டேப்' என்றே ஆங்கிலத்தில் சொல்லலாம். பிறர் தொலைபேசிப் பேச்சைத் திருட்டுத்தனமாகக் கேட்பதும் 'டேப்பிங்' தான். கம்பியிலிருந்து பேச்சை வடித்தெடுக்கிறார்கள்.

கதவை மெல்லத் தட்டுவதைக் குறிக்கும் 'டேப்' வேறு சொல். பழைய பிரெஞ்சிலிருந்து வந்ததென்பர். தட்டும் ஓசையிலிருந்தே பிறந்ததென்பாரும் உண்டு. பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகி விட்டன. இன்றைய பிள்ளைகளுக்கு 'டேப்' என்றதும் அட்டையை இயந்திரத்தில் தட்டுவதே நினைவுக்கு வருகிறது. அது இந்த இரண்டாம் சொல்.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு சொற்களுக்கும் இறந்த காலத்தில் 'பி' எழுத்து இரட்டிக்கும். ஒரே 'பி' எழுதினால், தாத்தா ரப்பர் மரத்தில் நாடா ஒட்டியதாக ஆகிவிடும்.